பத்துத் தலைமுறை

லிபான் ஆவடி சேக்காட்டில் பிறந்தவன். அப்பா, படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட சோமாலியர். பூர்வீக ஊரைப் பார்க்கக் கிளம்புமுன் சோமாலி கற்க, அந்த ஊர் டீச்சர் ஹோடனிடம் தினமும் வீடியோ வகுப்பு.

“ஊரு பாக்க இம்மாம் படிப்பா மாமே?” என்றான் நண்பன் செல்வகுமார்.

“தப்பில்லாம பேசணும் மச்சான்.”

கடைசி வகுப்பு. அங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் பாட்டன், முப்பாட்டன் பேரைச் சொல்ல வேண்டுமாம். பத்துத் தலைமுறையையும் லிபான் தடுமாறாமல் ஒப்பித்தான். ஹோடன் பூரித்துப்போய் ஏதோ சொன்னாள்.

லிபான் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“இன்னாச்சு, தப்பா சொல்லிட்டியா?”

“கரீட்டா சொல்லிட்டேன். நாலாவது பேருல இருந்து அவளுக்கும் அதே பாட்டன்மாராம். பங்காளி வகையறா. இனிமே அண்ணன்னுதான் கூப்புடுவாளாம்.”

அப்போதுதான் மேசைமேல் இருந்த மோதிரப் பெட்டியைச் செல்வகுமார் கவனித்தான்.

“இத இன்னா பண்ணப் போற?”

“அவ கல்யாணத்துக்குச் சீர் செய்யணுமே.”