தரைக்கடியில் கொஞ்சம் வேலை

"உள்ள என்னமோ சீறுது சார்," என்றார் தச்சர். பலகைத் தரையில் காதை ஒட்டிக் குனிந்திருந்தவர் அப்படியே பின்வாங்கினார்.

பாம்புக்குப் பயப்படும் கட்டத்தை மாப்பிள்ளை தாண்டியிருந்தான். அவனுக்கு வேண்டியது தூக்கம்.

இரவெல்லாம் ஆலையில் மிஷினோடு மாரடித்துவிட்டு, விடிந்ததும் மாமனார் வீட்டில் வந்து விழுவான். கண் செருகும் நேரம் பார்த்துக் குழாய் ஒழுகும். பரணிலிருந்து அண்டா இறக்க வேண்டியிருக்கும். பகலில் வீட்டில் சும்மா கிடக்கிற ஆம்பிளையை எழுப்பினால் என்ன என்பது மாமியாரின் கட்சி.

அந்தப் பழைய வீடு தரையிலிருந்து இடுப்பளவு தூக்கிக் கட்டியது. அடியில் இருட்டு, குளுமை, ஆள் வராத இடம். உத்திரம் உளுத்துவிட்டது, தினமும் இறங்கிப் பார்க்காவிட்டால் வீடு உட்கார்ந்துவிடும் என்று மனைவியிடம் கூசாமல் அளந்துவிட்டான். இறங்க ஒரு கதவு வைக்க அவளே தச்சரைக் கூப்பிட்டாள்.

மறுத்தவர் மாமனார் ஒருவர்தான். குழம்பில் உப்பில்லை என்றுகூட வாய் திறக்காதவர், "நான் பொறந்த வீடு, எனக்குத் தெரியாதா? அடியில பாம்பு இருக்கு, தொடாதீங்க," என்று குதித்தார். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். அதோடு மாமனார் அடங்கிவிட்டார். இன்று காலை வழக்கம்போல் நடக்கப் போனபோது முகம் செத்துப்போயிருந்தது.

வெளியே மழை கொட்டியது. "இன்னிக்கும் குடைய விட்டுட்டுப் போயிட்டாரு," என்று மாமியார் அலுத்துக்கொண்டார். "நேத்தும் இதே மழைதான். மனுஷன் ஒரு சொட்டு நனையாம வந்து நிக்கிறாரு. எங்கதான் ஒதுங்குவாரோ."

ரம்பம் இழுத்ததும் சீறல் நின்றது. தச்சர் பலகையை அறுத்து, கீல் வைத்து, பிடியும் போட்டார். திறப்பது உங்கள் பொறுப்பு என்று வாசலுக்கே போய்விட்டார்.

மாப்பிள்ளை டார்ச்சையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டான். தோளில் ஒரு சாக்கு. கருவிகள் என்று சொல்லியிருந்தான், உள்ளே இருந்தது தலையணை. மனைவி கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவனை வீரனைப்போல் பார்த்தாள்.

"பாத்துங்க," என்றாள்.

இறங்கினான். ஒட்டடை முகத்தில் அறைந்தது. முழங்காலில் தவழ்ந்து போனான். தூரத்து மூலையில், காற்றுக்கு விட்ட சன்னலின் கம்பிகளை யாரோ கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். அதன் கீழே ஏதோ சுருண்டு கிடந்தது. அசைந்தது.

சுத்தியலை ஓங்கியபடி வெளிச்சத்தைத் திருப்பினான். பாய். தண்ணீர்ச் செம்பு. கூசும் கண்களை மறைத்துக்கொண்ட ஒரு கை.

"லைட்ட அணைச்சுட்டு அந்தப் பக்கமா படுங்க, மாப்பிள்ளை."