ஓவர்

அவள் என் முழங்கையைப் பிடித்து இருட்டுக்குள் உட்கார வைத்தாள்.

என் மகன் பெண்டாட்டி. இந்தத் தியேட்டரில்தான் கூட்டிப் பெருக்குகிறாள். பகல் காட்சிக்குக் கூட்டம் இல்லாவிட்டால் வேலைக்காரர்களின் வீட்டு ஆட்களைச் சும்மா உள்ளே விடுவார்களாம்.

ஒன்பது வருஷத்தில் அவள் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை.

"ஒரு தடவ நீங்க பாக்கணும் மாமா" என்றாள்.

சும்மா கிடைப்பதை நான் நம்புவதில்லை. சினிமாவையும் நம்புவதில்லை. வந்தேன்.

ஒருத்தன் சனிக் கிரகத்தைத் தாண்டிப் போகிறான். கூடப் போனவர்கள் செத்துப்போனார்கள். இவன் மட்டும் மிச்சம்.

"சனி நம்மளப் புடிச்சாலே ஏழரை வருசம். இவன் தேடிப் போயி அதப் புடிக்கிறானாக்கும்" என்றேன்.

முன் வரிசையில் ஒரு ஆள் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கம்பியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்திருப்பார்கள். எனக்குத் தெரியாதா. கம்பி எங்கே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எந்த இடத்தில் அதை மறந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்படி ஒரு இருட்டை நான் கண்டதில்லை. அமாவாசையில் வயலுக்குத் தண்ணீர் வைத்தவன் நான். அந்த இருட்டில் தவளையாவது கத்தும். இதில் ஒன்றுமே இல்லை. நடுவில் குருணை அளவுக்கு ஒரு வெளிச்சம். அதற்குள் ஒரு மனுசன்.

சாமி மேலே இருக்கிறது என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். மேலே யாரும் இல்லை. இவ்வளவு பாடுபட்டு அதைத்தான் காட்டுகிறார்கள்.

அவன் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தான். தமிழில்தான் பேசினான். யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள்.

"நான் இன்னும் இருக்கேன். ஓவர்."

சரி, அவனும் முடிந்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவன் பட்டனிலிருந்து விரலை எடுத்தான். பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டான்.

அப்படியே இருந்தான்.

"முடிஞ்சுதுன்னு சொல்லிட்டான்ல? அப்புறம் எதுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கான்?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. சிரித்த ஆள் திரும்பினான்.

"யோவ் பெருசு, முடிஞ்சுதுன்னு இல்லய்யா. ஓவர்னா, நான் பேசிட்டேன், இப்ப நீ பேசுன்னு அர்த்தம். படத்தப் பாக்க விடுய்யா."

நான் பேசிட்டேன்.

இப்ப நீ பேசு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். நாகப்பட்டினத்தில் படகு முதலாளியின் கொட்டகை. மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தேன். வயக்காட்டு ஆள். கடலும் தெரியாது, அங்கே இருந்த வயர்லெஸ் பெட்டியும் தெரியாது. அவன் வலையை எடுத்துவரத் தனியாகப் போயிருந்தான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். காற்று ஏறிக்கொண்டிருந்தது.

பெட்டி கரகரத்தது. சிங்காரத்தின் குரல். என் பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா. என்னென்னவோ சொன்னான். ஒரே இரைச்சல். கடைசி வார்த்தை மட்டும் தெளிவாக விழுந்தது.

ஓவர்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

மறுபடி ஓவர்.

மறுபடி சத்தம் இல்லை. இந்தத் தடவை ரொம்ப நேரம்.

மூன்றாவது முறையும் சொன்னான்.

ரேஷன் கடைக்காரன் சீனி ஓவர் என்பான். மண்ணெண்ணெய் ஓவர் என்பான். ஷட்டரை இழுத்துவிடுவான். எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் அது ஒன்று.

பிள்ளை சொல்லிக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன்.

பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தேடுவதற்கு நாலு படகு கிளம்பியது. நான்தான் குறுக்கே போய் நின்றேன். "போவாதீங்கய்யா. முடிஞ்சுபோச்சுன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். நீங்களும் புள்ளகுட்டிக்காரங்க" என்றேன். யாருக்கு வரும் இந்த மனசு என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

உடம்பு கிடைக்கவில்லை. அவன் சட்டையை வைத்துக் கொளுத்தினேன்.

பதினாறாம் நாள் அவள் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "ஓவர் ஓவர்னு மூணு வாட்டி சொன்னாம்மா. இந்தக் காதால கேட்டேன்" என்றேன்.

ஐந்தாவது வரை படித்தவள். அவளுக்கும் ரேஷன் கடைதான் தெரியும்.

கழற்றிக் கொடுத்தாள்.

திரையில் அவன் இன்னும் பெட்டியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் குரல் பூமிக்கு வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். யாராவது கேட்பார்கள் என்று உட்கார்ந்திருக்கிறான்.

என் பிள்ளையின் குரல் அப்போதைக்கப்போதே வந்து சேர்ந்தது.

அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் வந்து மூன்று வாரம். தினமும் நாலு காட்சி. துடைப்பத்தோடு கதவோரம் நிற்கிறவள் அந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா" என்றாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "பேசுற பட்டன் எங்க இருந்துச்சு?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன்.

"கைக்குப் பக்கத்துலதாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். முகத்தைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

படம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.