அண்ணன் முறை

காபி டம்ளரை வாங்கும்போது பழனிவேல் முத்தமிழைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

அதை லீலாவதி பார்த்தாள்.

முத்தமிழ் அவளுடைய நாத்தனார். கணவன் லாரி மோதிச் செத்தபிறகு அரியலூருக்கு, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். வெகுநாள் கழித்து இன்றுதான் தலையில் பூ வைத்திருந்தாள்.

பழனிவேலும் மனைவியை இழந்தவர்தான். சொந்த ஊர் கீழப்பழுவூர், சிமெண்ட் ஆலையில் வேலை.

"எல்லாம் தோதா இருக்கு. முறை மட்டும் பாத்துடுவோம்," என்றார் தரகர் பிச்சைமுத்து. "இவரோட அம்மா செல்வம்மாள் கல்லங்குறிச்சிப் பொண்ணு. இப்ப அவங்களும் இல்ல, அந்தப் பக்கம் கேக்க ஆளும் இல்ல. உங்களுக்கு என்ன ஒறவு வரும்?"

அண்ணாதுரை மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு அதெல்லாம் வராதுங்க. அம்மா படுத்ததுலேருந்து எங்க வூட்டுல லீலாவுக்குத்தான் அத்துபடி."

உண்மைதான். யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் மாமன் என்று ஒவ்வொரு கல்யாணப் பந்தலிலும் மாமியார் அவள் காதோடு சொல்லிக்கொண்டே இருப்பார். செல்வம்மாள் பெயரும் அப்படிக் கேட்டதுதான்.

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"செல்வம்மாள் எங்க அத்தைக்குத் தங்கச்சி முறை," என்றாள் லீலாவதி. "அப்படிப் பாத்தா இவரு முத்தமிழுக்கு அண்ணனாவுல்ல வராரு."



பழனிவேல் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "போயிட்டு வரேம்மா," என்றார், முத்தமிழின் முகத்தைப் பார்க்காமல்.

"போயிட்டு வாங்கண்ணே."

அண்ணாதுரை அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனான்.

முத்தமிழ் பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள். பிறகு லீலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை அண்ணி. நீங்க இல்லன்னா எவ்வளவு பெரிய பாவமா போயிருக்கும்."

உள்ளறையிலிருந்து மாமியாரின் சத்தம் கேட்டது. நடந்த பேச்சு முழுவதும் அந்தக் கட்டில்வரை கேட்டிருக்கும். முத்தமிழ் ஓடினாள். எப்போதும் அவள்தான் ஓடுவாள். துணி மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள்தான். அவள் இருப்பதால்தான் லீலாவதியால் தினமும் பஸ் பிடித்துப் பெரம்பலூர் ஆபீசுக்குப் போக முடிகிறது.

"அத்... அத்..." இழுத்துக்கொண்டுபோன வாயால் மாமியார் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்.

மாமியார் சொல்ல வருவது லீலாவதிக்குப் புரிந்தது; தரகர் கேட்டபோதே அவளுக்குத் தெரிந்ததுதான். செல்வம்மாள் மாமியாருக்குத் தங்கை இல்லை. இறந்துபோன மாமனாருக்குத் தூரத்துப் பங்காளி வீட்டுப் பெண், அவருக்குத்தான் தங்கை முறை. பழனிவேல் முத்தமிழுக்கு அத்தை மகன். கட்டிக்கொள்கிற முறை.

"அண்ணி, அம்மா என்னமோ சொல்லுது. அழுவுது வேற. எனக்கு ஒண்ணும் புரியல, வந்து பாருங்களேன்."

லீலாவதி கூடத்தைவிட்டு நகரவில்லை.

"தண்ணி கேக்குறாங்க முத்தமிழ்," என்றாள்.