எட்டடிக்குப் பின்னால்

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்கம்மா. இன்னும் ஒரு எட்டு. ஆங், போதும்."

லேப்டாப் கடையின் விற்பனைப் பெண், பிரிண்டர்கள் அடுக்கியிருந்த அலமாரியோடு ஒட்டி நின்றாள். வாடிக்கையாளர் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மேசை மேலிருந்த இரண்டு லேப்டாப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்து கொடுப்பது தொழில் என்று வந்ததுமே சொல்லியிருந்தார்.

"கையைத் தூக்கவா சார்?"

"வேண்டாம். விரலை மட்டும் அசைங்க."

அசைத்தாள். பளபளப்பில்லாத மேட் திரையில் சாம்பல் நிறமாக ஏதோ கலங்கலாகத் தெரிந்தது. ஆளா, அலமாரியா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பக்கத்திலிருந்த, கண்ணாடி மாதிரி பளபளக்கும் கிளாஸி திரையில் அவளுடைய சுண்டுவிரல் வரை தெரிந்தது.

"இதையே எடுத்துக்கறேன்," என்று கிளாஸியைத் தொட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாள் பூரா உக்காந்து டைப் பண்றவங்க யாரும் இதை எடுக்க மாட்டாங்க. ஜன்னல், லைட், பின்னாடி இருக்கற சாமான் எல்லாம் இதுல விழும். கண்ணு கெட்டுப் போயிடும். ரெண்டும் ஒரே விலைதான், மேட் எடுங்க."

"கண்ணு பரவாயில்லம்மா."

"தலைவலி வரும் சார்."

"வரட்டும்."

செல்போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். "நாலு மணிக்கு நான் கிளம்பணும், ஞாபகம் இருக்கில்ல தம்பி?" என்றது ஒரு பெண்குரல்.

"வந்துட்டேன்க்கா. பத்தே நிமிஷம்." அடுத்து ஏதோ கேட்க வாயெடுத்தவர், விற்பனைப் பெண் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

கல்லாவில் இருந்த கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பின்னாடி யாராவது வந்தா தெரியணுமா சார்? ஆஃபீஸ்ல மேலதிகாரி தொல்லையா?"

"வீட்டுலதான் வேலை."

"அப்ப வீட்டம்மாவுக்குப் பயந்தா? சொல்லுங்க சார், இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான்."

அவர் சிரிக்கவில்லை. "யாரும் வர மாட்டாங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பார்க்கறவங்களுக்கு இது எதுக்குன்னு தெரிஞ்சிடுமா?" என்று கேட்டார்.

விற்பனைப் பெண்ணும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனுஷன் எதையோ மறைக்கிறார் என்பது மட்டும் இருவருக்கும் புரிந்தது.

"யாருக்கு சார் தெரியப்போகுது? கலருக்காக வாங்கினேன்னு சொல்லிடுங்க," என்று கடைக்காரர் பெட்டியைக் கட்டச் சொன்னார்.

வீட்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார். பக்கத்து வீட்டு அக்கா பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "ஒண்ணும் இல்ல தம்பி, நல்லாத்தான் இருந்தா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதுதான் அவருக்கு மூச்சு சீரானது.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். ஏழு மாதமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நடுநடுவே வலிப்பும் வரும். போன மாதம் ஒரு மதியம், எதிர்ச்சுவரைப் பார்த்திருக்கும் மேசையில் அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டைப் செய்துகொண்டிருந்தபோது, எட்டடிக்குப் பின்னால் அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. எவ்வளவு நேரம் துடித்தாள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அதிலிருந்து வரிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம் சொல்லிவிட்டாள்: "நீங்க ஒவ்வொரு தடவை திரும்பறப்பவும், இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்கற மாதிரி இருக்கு. இனிமே திரும்பினீங்கன்னா என்னை ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய் விட்டுடுங்க." மேசையைத் திருப்பிப் போடவும் விடவில்லை.

"பழைய மாதிரி இல்லையே, பளபளன்னு இருக்கு," என்றாள் இப்போது.

"கலர் நல்லாருக்கும்னு சொன்னாங்க."

"ம்."

அவர் ஹெட்போனை மாட்டினார். திரைக்குக் கறுப்புப் பின்னணி வைத்தார். எழுத்துகளுக்கு மேலே, ஜன்னல் வெளிச்சத்தில் போர்வை ஏறி இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. ஏறியது, இறங்கியது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அரைமணி நேரம் திரும்பாமல் டைப் செய்தார்.

திரையில் அவள் கை மெல்ல எழுந்தது.

நாற்காலி பின்னால் சாய, ஹெட்போன் கழுத்தில் தொங்க எழுந்து ஓடினார். "என்னம்மா, என்ன பண்ணுது?"

"நான் கூப்பிடவே இல்லையே," என்றாள் அவள்.

குட்டு உடைந்துவிட்டது. "கோவிச்சுக்காத. நாளைக்கே இதைக் கொடுத்துட்டு வேற..."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "அந்தத் திரையை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வைங்க. ஏழு மாசமா உங்க முதுகையேதான் பார்த்துட்டுப் படுத்திருக்கேன். இன்னைக்குத்தான் முகம் தெரியுது, அதுவும் பாதிதான்."