எல்லாம் நாமளே

வண்டிக்குள் இருந்த கழிப்பறையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பெட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு, பார்க்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே லுவார் ஆறு. கரையோரம் வரிசையாக மோட்டார் வீடுகள். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அடங்கிய வண்டிகள். ஊர் ஊராகப் போகலாம், பிடித்த இடத்தில் தங்கலாம். பிரான்சைச் சுற்றிப் பார்க்க இதைவிடச் சுகம் வேறில்லை என்று மகன் ஏற்பாடு செய்து கொடுத்தது.

ஒரே ஒரு விஷயம். கழிப்பறைக்கு அடியில் இருக்கும் பெட்டியை நாம்தான் வெளியே எடுத்துக் கொட்ட வேண்டும்.

வந்த அன்றே, தங்கிய இடத்தின் சொந்தக்காரியிடம் அவர் ஆங்கிலத்தில் விசாரித்தார். இதைச் சுத்தம் பண்ணுகிற ஆள் எப்போது வருவான்?

அந்தம்மாவுக்குப் புரியவே நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டு, அவர் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினாள்.

அவர் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அது அவள் வேலை.

சும்மா ஆள் இல்லை அவர். மூன்று நகரங்களுக்குப் பாதாளச் சாக்கடை போட்டு ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர். கழிவுநீர் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறார். கழிவை மட்டும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

விளக்கு எரிகிற நாளெல்லாம் முதல் ஆளாகக் குளித்துவிடுவார். குளித்து, திருநீறும் பூசியாகிவிட்டால் அப்புறம் யார் அவரைப் பெட்டியைத் தொடச் சொல்வது? "அடடா, நான் குளிச்சாச்சே" என்பார். வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் தெரியும்.

அவள் போய்க் கொட்டி, கழுவி வைத்துவிட்டு வந்து குளிப்பாள்.

இத்தனைக்கும் அவள் அந்தக் கழிப்பறைக்குள் போனதே இல்லை. பொதுக் கழிப்பறைக்குத்தான் போய்வந்தாள். அங்கே தண்ணீர் கிடையாது, வெறும் காகிதம். கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு போவாள். அவருக்கு அது ஒத்துவரவில்லை. நாலு பேர் பார்க்க பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடப்பதா?

ஆக, பெட்டியில் இருந்தது முழுக்க அவருடையது.

சாயங்காலங்களில் ஈரோட்டுச் சம்பந்தியை வீடியோவில் கூப்பிடுவார்.

"இங்கெல்லாம் வேலைக்காரங்கங்கிற பேச்சே கெடையாதுங்க. எல்லாம் நாமளே செய்யணும். அதுல ஒரு கம்பீரம் இருக்குது பாருங்க!"

அந்த நேரம் பார்த்து அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். போனைக் கொஞ்சம் திருப்பி, சம்பந்திக்கு ஆற்றைக் காட்டினார்.

இன்று அவள் அவருக்கு முன்னால் எழுந்துவிட்டாள்.

வெளியே மடக்கு மேஜையைப் போட்டு, ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துவைத்து, காப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

அவர் வாசலில் வந்து நின்றார். இன்னும் குளிக்கவில்லை.

"லைட்டு எரியுதாட்ட இருக்குது."

"நான் குளிச்சுட்டனுங்க" என்றாள்.

அவர் அவள் கூந்தலைப் பார்த்தார். தலைக்கு வேறு குளித்திருந்தாள். துண்டைச் சுற்றி, நெற்றியில் பொட்டு, திருநீறு.

அந்தச் சட்டம் அவர் போட்டதுதானே.

"சரி, அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்றார்.

ஆனால் வயிறு கேட்க வேண்டுமே. நேற்று ஓசியில் ருசி பார்க்கக் கொடுத்த பாலாடைக்கட்டியை எல்லாம் ஒரு கை பார்த்திருந்தார். வண்டியைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். பிறகு இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெட்டியை உருவினார்.

உடம்பில் படாமல் எட்டப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி நடந்தார்.

பெட்டிக்குச் சக்கரம் உண்டு. அவள் சொல்லவில்லை.

எதிரே அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் தன் பெட்டியைக் கொட்டிவிட்டுச் சீட்டியடித்தபடி உருட்டிக்கொண்டு வந்தார். "போன்ஷூர்" என்றார். இவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

கொட்டுகிற இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு முழித்தார். மூடி எது, எந்தப் பக்கம் திருப்புவது, ஒன்றும் தெரியவில்லை. ஆட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வரிசை சேர ஆரம்பித்தது.

"இந்தா!"

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, உன்னத்தான்!"

அந்தக் குரலுக்கு எத்தனை தடவை பாதிச் சோற்றில் எழுந்து ஓடியிருப்பாள். இப்போதும் கால் தானாக எழப் பார்த்தது. அவளுக்கே அவள் மேல் வெறுப்பாக வந்தது. காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

வரிசையில் நின்ற யாரோ பிரெஞ்சில் என்னவோ சொன்னார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பிறகு, ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்.

"மரகதமணி!"

அவள் கை அப்படியே நின்றது.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அந்த வாயிலிருந்து முதல் முறை.

பெயர் தெரிந்துதான் இருந்திருக்கிறது மனுஷனுக்கு.