எட்டுப் பேருக்கு ஒரே மூச்சு

"அந்த எட்டுப் பேரும் ஒரே ஆள்தாம்மா!"

நான் கத்திய கத்தலில் அம்மா கையிலிருந்த கண்ணாடி டம்ளர் நழுவி உடைந்தது. இந்த மாதத்தில் மூன்றாவது.

"எந்த எட்டுப் பேருடி?"

"ரேடியோவுல! 'வேலையும் உடம்பும்' நிகழ்ச்சியில இந்த வாரம் போன்ல பேசினாங்களே, சமையல்காரர், வாட்ச்மேன், லாரி டிரைவர்... எல்லாம் ஒரே ஆசாமி. ஊரையே ஏமாத்துறாங்க!"

யார் குரலும் எனக்கு வரும். தலைமையாசிரியை குரலில் பேசி எங்கள் வகுப்புக்கே அரை நாள் லீவு விட்டவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குரலை மாற்றலாம், மூச்சை மாற்ற முடியாது. எட்டுப் பேரும் "அதாவது டாக்டர்" என்று ஆரம்பிக்கும் முன் மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தார்கள். ஸ்ஸ்... அதே இழுப்பு.

லாரி டிரைவரை நடித்துக் காட்டினேன். மைக்குக்கு என் ஸ்கேலைத் தேடினேன். மூன்று நாளாகவே அதைக் காணோம். கரண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்ஸ்... அதாவது டாக்டர், வலது கை விரலெல்லாம் மரத்துப் போகுது. காலையில எந்திரிச்சா அது என் கையாவே இல்ல. கையில எடுத்ததெல்லாம் கீழ விழுது."

டாக்டரம்மாவையும் விடவில்லை. குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "படுக்கும்போது மணிக்கட்டு மடங்காம ஒரு பட்டையை வெச்சுத் துணியால கட்டிக்கங்க. கேக்கலைன்னா தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். சரிங்களாண்ணா?" என்றேன்.

என் மிமிக்ரிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அம்மா, குனிந்து கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விட்டுத் தொலையேன்டி. யாரு பேசினா உனக்கென்ன?"

"விட மாட்டேன். நாளைக்கு நானே போன் பண்ணி போட்டு உடைக்கப் போறேன். ஊரே கேக்கட்டும்!"

"ஊரே கேக்கும்தான். காலையில எங்க தையல் கம்பெனியிலயும் அதான் ஓடுது. எங்க சூப்பர்வைசர் ஒரு வார்த்தை விடாம கேப்பாரு."

"நல்லதாப் போச்சு. அவரும் தெரிஞ்சுக்கட்டும்!"

போட்டு உடைப்பதற்கு முன் அந்த ஆசாமியின் மூஞ்சியை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வானொலி நிலையத்துக்குப் போனேன். நிலையம் என்பது லாண்டரிக்கு மேலே இரண்டு அறை. படிக்கட்டுச் சுவரில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று தொங்கியது. பெட்டியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? சாக்லேட் காகிதத்தைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டு ஏறினேன்.

மேலே ஹெட்போன் மாட்டிய ஒரு ஒல்லி மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஸ்ஸ்... யாரும்மா?"

மாட்டிக்கொண்டார்!

"லாரி டிரைவர் இருக்காரா?" என்றேன், லாரி டிரைவர் குரலிலேயே.

ஒரு விநாடி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாட்ச்மேன் குரலில், "இப்பத்தான் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனாரு" என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "எட்டும் நீங்கதான். நாளைக்கு நிகழ்ச்சி நடக்கும்போதே போன் பண்ணிச் சொல்லப் போறேன்."

அவர் கீழே இறங்கிப் போனார். பெட்டியிலிருந்ததை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் கொட்டினார். எல்லாம் துண்டுச் சீட்டுகள். நடுவில் என் சாக்லேட் காகிதம்.

"இது எந்த நேயரோட கேள்வின்னு தெரியலையே" என்று அதைத் தனியாக எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"முன்னாடியெல்லாம் அவங்கவங்களே பேசினாங்கம்மா. போன வருஷம் ஒருத்தர், வேலை செய்யற இடத்துல தூசி, மூச்சு முட்டுதுன்னு சொன்னார். அவரோட முதலாளியும் கேட்டுக்கிட்டிருந்தார். மறுநாள் வேலை போச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம், ஒரு போன்கூட வரல. அப்பறம்தான் இந்தப் பெட்டி. பேரு எழுத வேண்டாம். அவங்களுக்காக நான் பேசறேன். தொழிலை மாத்துவேன், வயசை மாத்துவேன், பெண்ணை ஆணாக்குவேன். வலியை மட்டும் மாத்த மாட்டேன்."

"அப்ப அந்த லாரி டிரைவர்?"

"லாரி ஓட்டறதில்ல. அதுக்கு மேல கேக்காதே." சீட்டுகளை அடுக்கினார். "நீ நாளைக்குச் சொல்லிட்டா, ஒவ்வொரு முதலாளியும் இது நம்ம ஆள்தானோன்னு தேட ஆரம்பிச்சுடுவான். அப்பறம் உன் இஷ்டம்."

சாக்லேட் காகிதத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். வீடு வரும்வரை எனக்கு யார் குரலும் வரவில்லை.

வீட்டில், கம்பெனியிலிருந்து திரும்பிய அம்மா பாயில் கண்ணசந்திருந்தாள். வலது மணிக்கட்டில் பழைய துப்பட்டா இறுக்கிச் சுற்றியிருந்தது. அதன் ஓரத்தில் எட்டிப் பார்த்தன சென்டிமீட்டர் கோடுகள்.

என் ஸ்கேல்.

காலடிச் சத்தத்தில் அம்மா விழித்தாள். கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"போனியாடி? என்ன... கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேம்மா. எட்டுப் பேரும் எட்டுப் பேர்தான். என் காதுதான் சரியில்ல."