நாகம்மாவின் செம்பு

மாரியம்மன் பண்டிகையின் கடைசி நாள். கெலமங்கலத்துத் தெருவெங்கும் மஞ்சள் தண்ணீர் வழிகிறது. டீக்கடை கிராமபோன் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்க, முறையுள்ள பெண்கள் செம்பும் கையுமாக மாமன் மச்சான்களை விரட்டுகிறார்கள். இன்றைக்குக் கேலிக்கு அளவே இல்லை. கோயிலருகே திம்மராயன் மட்டும் காய்ந்த சட்டையோடு நிற்கிறான். நனைவதற்கென்றே போட்டுவந்த பழைய சட்டை. பெண்டாட்டி செத்ததால் போன வருஷம் இவன் வீட்டில் பண்டிகை இல்லை. அதற்கு முந்தின வருஷம், அவள் தங்கை நாகம்மா இவனை வைக்கோல்போர் வரைக்கும் துரத்தி, "நில்லு மாமா, ஓடுனா ரெண்டு செம்பு!" என்று கத்திக்கொண்டே தலையோடு ஊற்றினாள். போன வெள்ளிக்கிழமை பெரியவர்கள் கூடி, அவளையே இவனுக்குக் கட்டிவைப்பதென்று பேசி முடித்துவிட்டார்கள். இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதோ வருகிறாள். செம்பு நிறையத் தண்ணீர், ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை. "ஊத்துடி, ஊத்து!" என்று கூட வந்த பெண்கள் நெட்டித் தள்ளுகிறார்கள். அவனுக்கு ஓடத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. தரையைப் பார்த்தபடி அவள் செம்பை அவன் கையில் கொடுக்கிறாள். "நீங்களே ஊத்திக்குங்க." அவன் வாங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொள்கிறான். வேப்பிலை ஒன்று காதோரம் ஒட்டிக்கொள்கிறது. தெருவே கைகொட்டிச் சிரிக்கிறது.